சுவத்துக்குட்டிக்குப் போட்ட ஊசி

சமுதாயக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைக்கு ஒரு திங்கட்கிழமை காலை சளி பிடித்தது. இடது மூக்கில் தொடங்கி மதியத்துக்குள் மேலுதடு வரைக்கும் இறங்கிவிட்டது. சுகாதாரத் துறை அச்சடித்துக் கொடுத்த போஸ்டர் அது. ஒன்றரை வயதுப் பிள்ளை, கையில் ஒரு ஆப்பிள், தலைக்கு மேலே 'ஆரோக்கியமான குழந்தை' என்று கொட்டை எழுத்து, காலுக்குக் கீழே ஆறு அறிவுரைகள். ஒட்டி இரண்டு வருஷம் ஆகியும் அந்த ஆறில் ஒன்றைக்கூட அந்தக் குடியிருப்பில் ஒருவரும் படித்ததில்லை. மூக்கு ஒழுகியதை மட்டும் பத்தே நிமிஷத்தில் பார்த்துவிட்டார்கள்.

சுவரை முதலில் துடைத்தது ஊசியக்கா. அந்தக் குடியிருப்புக்கு அவள்தான் சுகாதார நர்ஸ். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. பதினொரு வருஷமாக ஊசியும் கையுமாக நூற்றுப் பதினாறு வீட்டுப் படியும் ஏறி இறங்கியதில் அந்தப் பெயர் அவள் கணவனுக்கே மறந்துபோயிருந்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தாய்மார் வகுப்பு. தண்ணியைக் காய்ச்சிக் குடுங்க. கக்கூஸ் போயிட்டு வந்தா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. பிள்ளை அழுதா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதீங்க. ஊசி தேதியைத் தள்ளிப்போடாதீங்க. சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். எல்லாரும் "ஆகட்டும்க்கா" என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்க்கிற வெளியாள், இனி இந்தத் தெருவில் ஒரு ஈகூட உட்காராது என்று நம்பிவிடுவான். ஒரு வருஷம், வகுப்புக்கு வந்தால் மூடி போட்ட வாளி இலவசம் என்று துறை அறிவித்தது. கூடம் கொள்ளாத கூட்டம். மறுநாள் பார்த்தால் வாளியில் அழுக்குத் துணி ஊறிக்கொண்டிருந்தது, மூடியில் பூனைக்குச் சோறு வைத்திருந்தார்கள். குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, புறா குளிக்கிறது என்று அவள் எழுதிப் போட்ட மனுக்கள் ஒன்பது. ஒன்பதுக்கும் 'பெறப்பட்டது' என்று பதில் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அவள் துடைக்கத் துடைக்கச் சுவரில் சளி ஒழுகியது. பிள்ளைக்கு ஈரச் சுவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருத்தி சொல்ல, சாயங்காலத்துக்குள் ஜன்னலுக்குத் திரை வந்தது. ஒரு வீட்டிலிருந்து கம்பளி வந்தது. சுவத்துக்குட்டி என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது, புதன்கிழமைக்குள் எல்லார் வாயிலும் அதுதான். 'கூடத்துக்குள் புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகைக்குக் கீழேயே நின்று வருஷக்கணக்கில் சிகரெட் பிடித்த ஆண்கள், பிள்ளைக்கு இருமல் வரும் என்று தாங்களாகவே வெளியே போய்ப் பிடித்தார்கள். அதைப் பார்த்தபோது ஊசியக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு விஷயம் பிடிபட்டது. தெருவில் இருபது பிள்ளைகளுக்குச் சளி என்றால் சுவத்துக்குட்டிக்கும் சளி. பூச்சி மாத்திரை கொடுத்த வாரம் அவன் பல்லைக் கடிப்பதை நிறுத்தினான். தொட்டித் தண்ணீர் கலங்கி வந்த நாட்களில் ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாள் புஜத்தைச் சுற்றி அளக்கிற நாடாவை எடுத்துக்கொண்டு அவள் சுவர் அருகே போனாள். பச்சையில் நின்றால் பிள்ளை தேறியிருக்கிறது, மஞ்சளென்றால் கவனிக்கணும், சிவப்பென்றால் ஆஸ்பத்திரி. அவன் இடது கையை நீட்டினான். நாடா மஞ்சளில் நின்றது. தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதே மஞ்சள். அந்த மாத வகுப்பில் அவள் இதைப் பச்சைப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எடுத்துச் சொன்னாள். இவனைத் துடைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, இவன் உடம்பு உங்க வீட்டுலதான் இருக்கு, உங்க பிள்ளைங்க தேறினா இவன் தானா தேறுவான். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து சுவத்துக்குட்டிக்குக் காய்ச்சின தண்ணீர் கொண்டுவர வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

முறை ஒரு நாளும் தவறவில்லை என்பதுதான் கொடுமை. பளபளவென்று தேய்த்த பாத்திரத்தில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடிக் கொண்டுவந்தார்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் அவனைத் தொட்டார்கள். மசித்த பருப்பும் முட்டையும் சுவர் ஓரத்தில் வந்து நின்றன. காகிதத்தில் தேய்த்ததெல்லாம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் சுவர் எப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது. கூடத்துக்கு வெளியே அவர்கள் பெற்ற பிள்ளைகள் குழாயில் வாயை வைத்து நேரே குடித்துக்கொண்டிருந்தன. ஊசியக்கா ஒருத்தியை மடக்கிப் பிடித்தாள்.

"ஏம்மா, சுவத்துக்குக் காய்ச்சுற. பெத்ததுக்குக் காய்ச்சக் கூடாதா?"

"அவன் நம்மளை நம்பி இருக்கான்க்கா. நம்ம பிள்ளைங்க எப்படியும் வளந்துடும்."

ஊசியக்கா தலையில் அடித்துக்கொண்டு போய்த் தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் மாற்றினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். சுவத்துக்குட்டியை மேலும் கீழும் பார்த்தார். அவன் அவரைப் பார்த்துத் தும்மினான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'போஸ்டர் அசுத்தமாக உள்ளது, மாற்றவும்' என்று எழுதிவிட்டுப் போனார். மாற்றுப் போஸ்டர் வர ஒன்றேகால் வருஷம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சுவத்துக்குட்டியிடம் உசிரையே வைத்திருந்தவள் தையல்காரரின் மனைவி. முறை இல்லாத நாளிலும் வருவாள். காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு சுவருக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒன்பது மாதப் பெண் குழந்தை இருந்தது. அதற்கு முன்னால் ஒரு மகன் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்பு ஊசியக்கா அவனுக்குத் தட்டம்மை ஊசி போட்டாள். ஏழாம் நாள் லேசாகக் காய்ச்சல் வந்தது, சொன்னபடியே இரண்டு நாளில் போனது. பத்தாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்து, பன்னிரண்டாம் நாள் பெரியாஸ்பத்திரியில் பிள்ளை செத்துப்போனது. அந்த வெயில் காலத்தில் தெருவில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு அதே வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதான் எழுதியிருந்தது. ஆனால் தையல்காரரின் மனைவி வகுப்பு நடக்கும்போது எழுந்து நின்று, ஊசிதான் என் பிள்ளையை எடுத்துட்டுப் போச்சு என்று சொன்னாள். அன்றோடு ஊசி போட வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஊசியக்கா வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த ஒன்பது மாதப் பெண்ணுக்கு ஊசி தேதி வந்து போய்விட்டது. ஊசியக்கா மூன்று தடவை படியேறினாள். மூன்று தடவையும் கதவு திறந்தது, தண்ணீர் கொடுத்தார்கள், குழந்தை தூங்குது என்றார்கள். உள்ளே குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் தட்டம்மை வந்துவிட்டது என்று ஒரு செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. ஏழு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, ஒன்றுக்கு மூச்சுத் திணறல். ஊசியக்கா அன்றே மருந்து வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். ஒரு குப்பியில் பத்துப் பிள்ளைக்கு மருந்து இருக்கும். திறந்தால் நாலு மணி நேரம்தான் தாங்கும், அதற்குள் போடாதது குப்பைக்கு. பத்துப் பேர் சேராமல் திறக்கக் கூடாது என்று உத்தரவு. புதன்கிழமை மதியம்வரை உட்கார்ந்ததில் ஒரு பிள்ளையும் வரவில்லை. தாய்மார்கள் வந்தார்கள். வெறுங்கையோடு வந்து, தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, ஒரு தீர்மானத்தைச் சொன்னார்கள். சுவத்துக்குட்டிக்கு முதலில் போட வேண்டும்.

"அவனுக்குப் போட்டா எல்லாப் பிள்ளைக்கும் போட்ட மாதிரிதானே" என்றாள் ஒருத்தி.

"அதெப்படி ஆகும்?"

"நீங்கதானே சொன்னீங்க, அவன் உடம்பு எங்க வீட்டுல இருக்குன்னு."

பதினொரு வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றை அவர்கள் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் தலைகீழாக. ஊசியக்காவுக்குக் கோபம் வந்தது. சுவத்துக்கு ஊசி போட எனக்கு உத்தரவு கிடையாது, போய்ப் பிள்ளைகளைத் தூக்கிட்டு வாங்க என்று கத்தினாள். யாரும் நகரவில்லை. கடைசியில் தையல்காரரின் மனைவி முன்னால் வந்தாள். நாலு வருஷத்தில் அவள் ஊசியக்காவிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

"போட்டா செத்துருவானா?"

"மாட்டான். ஏழு நாள் கழிச்சுக் காய்ச்சல் வரும். ரெண்டு நாள்ல போயிடும்."

"இதையேதான் அன்னிக்கும் சொன்னீங்க. இவனுக்குப் போடுங்க. நான் பார்க்கணும்."

ஊசியக்கா பேரம் பேசினாள். சந்தையில் காய்கறிக்குக்கூட அவள் அப்படிப் பேசியதில்லை. இவனுக்கு ஒன்று போட்டால், ஒன்பது பிள்ளைகள் உடனே வரணும். போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தையல்காரரின் மகள் அந்த ஒன்பதில் இல்லை. ஊசியக்கா குப்பியைத் திறந்து மருந்தைக் கலக்கி, சுவத்துக்குட்டியின் இடது புஜத்தில் ஊசியை வைத்தாள். முதலில் காகிதம் பட்டது, அதற்குப் பிறகு மெத்தென்று இருந்தது. அவன் கால் மணி நேரம் அழுதான். ஒரு சொட்டு ரத்தம் மூன்றாவது அறிவுரைமேல் விழுந்தது. தையல்காரரின் மனைவி ஊசியக்காவின் குடும்பத்தையே இழுத்து வைத்துத் திட்டிவிட்டு, பஞ்சை வாங்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பதிவேட்டின் முதல் வரியில் ஊசியக்கா எழுதினாள்: பெயர், சுவத்துக்குட்டி. தந்தை பெயர், கோடு. முகவரி, கூடத்தின் வடக்குச் சுவர். ஒன்பது பிள்ளைகளுக்கும் போட்டுக் குப்பியைக் காலி செய்தபோது மணி ஐந்து.

அடுத்த ஏழு நாளில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஏழு பதினாறு ஆனது. மூச்சுத் திணறிய பிள்ளை பிழைக்கவில்லை. ஊசியக்கா தினமும் தையல்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். குழந்தையின் கண் சிவந்திருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். தையல்காரர் மெஷினை மிதித்தபடி, இன்னும் நாள் இருக்குல்ல, அவ பார்த்துட்டுச் சொல்லட்டும் என்றார். நாள் இருக்காம். தட்டம்மை இவர் வீட்டுக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் வரும்போல. ஏழாம் நாள் சுவத்துக்குட்டியின் நெற்றி சுட்டது. வடக்குச் சுவர் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது. தையல்காரரின் மனைவி ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒன்பதாம் நாள் காலை சுவர் குளிர்ந்தது. அவள் அதோடு விடவில்லை. பத்தாம் நாள் வயிற்றைப் பிடிக்கிறானா என்று பார்த்தாள். பதினொன்றாம் நாளும் பார்த்தாள். பன்னிரண்டாம் நாளும் ஆப்பிளைக் கடித்துக்கொண்டுதான் இருந்தான். அன்று மூன்று மணிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்து ஊசியக்காவின் முன்னால் உட்கார்ந்தாள்.

இருந்தது ஒரே ஒரு பிள்ளை. ஊசியக்கா மறுபேச்சு பேசாமல் புதுக் குப்பியைத் திறந்தாள். மீதி ஒன்பது பேர் மருந்தும் ஐந்து நாள் கழித்து வந்த சூப்பர்வைசரின் கத்தலும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குழந்தை வீறிட்டு அழுது, அடங்கி, விக்கியது. தையல்காரரின் மனைவி அதன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் கை நின்றது.

"அப்ப என் மூத்தவன் ஊசியால சாகல."

"இல்ல."

"எதால?"

வகுப்புக்கு வகுப்பு மைக்கைப் பிடித்து ஊசியக்கா கூவிய வார்த்தைதான் அதற்குப் பதில். "தண்ணி" என்றாள் ஒருவழியாக. "தொட்டித் தண்ணி. காய்ச்சாம குடுத்தது."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"சீட்டைப் பார்த்தேன். தெரியும்."

"நாலு வருஷம் உங்களைத் திட்டினேனே."

"தண்ணி குடுத்த கையை நீ திட்டிக்கிறதுக்கு, என்னைத் திட்டுறது பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

தையல்காரரின் மனைவி அழவில்லை. மகளை மடியில் திருப்பி உட்கார வைத்தாள். "பரவாயில்லயா?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை. "அதே தண்ணியைத்தான்க்கா நாலு வருஷமா எல்லாப் பிள்ளையும் குடிக்குது. இவளும் குடிக்கிறா. உங்க மேல பழி வந்தா உங்களுக்குப் பரவாயில்ல. எங்களுக்கு?"

ஊசியக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினொரு வருஷமாக இந்தச் சனங்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று யாரைப் பார்த்தாலும் புலம்பியவள் அவள். கேட்டே ஆகவேண்டிய ஒரே ஒருத்தியிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டு, கேட்காதவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரக்கப்பட்டுத்தான் விழுங்கினாள். அந்த இரக்கம் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்தியிருக்கிறது, ஒரு பானைத் தண்ணீரைக்கூடக் காய்ச்ச வைக்கவில்லை. அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. சொல்லியிருக்கணும், என் தப்புதான் என்றாள். ஆமா, உங்க தப்புதான் என்று சொல்லிவிட்டுத் தையல்காரரின் மனைவி எழுந்து போனாள்.

அடுத்த முதல் வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஊசியக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் தையல்காரரின் மனைவி எழுந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. மைக்கை வாங்கவில்லை. "நாலு வருஷத்துக்கு முன்ன இதே இடத்துல ஒண்ணு சொன்னேன். அது தப்பு. என் பிள்ளையை ஊசி எடுத்துட்டுப் போகல. நான் மொண்டு குடுத்த தண்ணி எடுத்துட்டுப் போச்சு. நான்தான் குடுத்தேன், என் கையாலதான் குடுத்தேன். இன்னிக்குக் காலையில நீங்க என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உட்காரவில்லை. ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து, பதில் வரும்வரை நின்றாள். கூடத்தில் ஒரு தலையும் ஆடவில்லை. முதல் பெண் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள், அடுப்பைப் பற்றவைக்க. அந்த வாரம் தெருவில் கெட்டில் விற்கிற கடைக்காரருக்குச் சரக்கு தீர்ந்தது. எட்டு ஆண்கள் ஏணி போட்டு ஏறித் தொட்டியைக் கழுவி, தகரம் வெட்டி மூடினார்கள். பத்தாவது மனு எழுத ஊசியக்காவுக்கு வேலை இல்லாமல் போனது. அவள் பதினொரு வருஷம் கத்தியதை அந்தப் பெண் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டாள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

தட்டம்மை ரயில் பாதையைத் தாண்டி வந்து இரண்டு பிள்ளைகளைத் தொட்டது, இரண்டும் தேறின. தையல்காரரின் மகளைத் தொடவில்லை. சுவத்துக்குட்டியின் நாடா மழைக்காலத்துக்குள் பச்சைக்கு வந்தது. ஊசி போட்ட மாதத்திலிருந்து அவனுக்கு வயதும் ஏறத் தொடங்கியது. இரண்டரை வயதில் காகிதம் போதாமல் சுண்ணாம்புச் சுவரில் இறங்கினான், மூன்றில் கூடத்தைச் சுற்றி ஓடினான். நாலில் காம்பவுண்டுச் சுவர் வழியாகத் தெருவுக்கு வந்தான். சுவர் விட்டுப்போன இடங்களில் யாராவது ஒரு பலகையைப் பிடித்தால் அதில் ஏறி அடுத்த சுவருக்குப் போய்விடுவான். மாற்றுப் போஸ்டர் வந்தபோது ஒட்ட இடம் இருந்ததால் ஒட்டினார்கள். அதிலிருந்த பிள்ளை சும்மா சிரித்துக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்து வயது முடிந்தால் பெயரை நீக்க வேண்டும் என்ற விதிப்படி ஊசியக்கா சுவத்துக்குட்டியைத் தன் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பட்டியலுக்கு அனுப்பினாள். சூப்பர்வைசர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சீருடை தைக்கத் தையல்காரரின் மனைவியே அவனை நிற்கவைத்து அளவெடுத்தாள். முன்பக்கம் மட்டும் தைத்தால் போதும் என்பதால் துணி பாதிதான் ஆனது. மீதியை மடித்து அலமாரியில் வைத்தாள், அடுத்த வருஷம் மகளுக்கு வேண்டும்.